வரலாற்றுப் பாடம் வந்து சேர்ந்த வழி

சிரம்பானின் ஓரத்தில் இருக்கும் லோபாக்கில் இன்று நிற்பவருக்கு, இந்த நகரத்தைச் சுற்றி ஒரு காலத்தில் கித்தா (ரப்பர்) மரங்கள் வரிசை வரிசையாக நின்றன என்பதை யாராவது சொன்னால்தான் தெரியும். மரங்கள் போய் வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்பேட்டைகளும் வந்துவிட்டன. தோட்டத்துப் பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் மாடி வீடுகளில் வளர்கிறார்கள். நெகிரி செம்பிலானில் உள்ள 61 தமிழ்ப்பள்ளிகளில் பலவற்றின் பெயர்ப்பலகையில் இன்னும் 'லாடாங்' (தோட்டம்) இருக்கிறது. சில பள்ளிகளுக்கு அந்தப் பெயரைத் தவிர அருகில் தோட்டம் எதுவும் மிஞ்சவில்லை.

இந்தப் பிள்ளைகளுக்கு வரலாறும் ஓவியமும் குடியியலும் எந்த வழியாக வந்து சேர்ந்தன என்பது தனியாகப் பார்க்க வேண்டிய கதை. பள்ளிக்கூடங்களின் கட்டடம், மாணவர் எண்ணிக்கை, தேர்ச்சி விகிதம் ஆகியவற்றைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். 1957-இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன, இன்று 520-க்குச் சற்று மேல் என்ற கணக்கு பலருக்கு மனப்பாடம். அந்தப் பள்ளிகளுக்குள் ஒரு பிள்ளை தன்னையும் தன் நாட்டையும் எதைக் கொண்டு அறிந்தது என்பதைப் பேசியது குறைவு.

தோட்டப் பள்ளியே ஒரு சட்டத்தின் கட்டாயத்தால் வந்தது. ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. நிர்வாகங்கள் செய்ததும் அந்த அளவுக்குத்தான். ஒரு கொட்டகை, ஒரு கரும்பலகை, எல்லா வகுப்புக்கும் ஒரே ஆசிரியர். சில இடங்களில் கிராணியோ கங்காணியோ அந்த ஆசிரியர் வேலையையும் சேர்த்துப் பார்த்தார்கள். எழுத்து, வாசிப்பு, கணக்கு, இவ்வளவுதான் பாடம். புத்தகங்கள் சென்னையிலிருந்து கப்பலில் வந்தன. அவற்றில் இருந்தது இந்தியாவின் ஊர்களும் ஆறுகளும் அரசர்களும். பள்ளியிலிருந்து சில மைல் தொலைவில் இருந்த சுங்கை ஊஜோங்கின் ஈயச் சுரங்கங்களைப் பற்றியோ, 1891-இல் சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே போடப்பட்ட ரயில் பாதையைப் பற்றியோ, ஒன்பது நாடுகள் என்று பொருள்படும் பெயரைத் தாங்கிய மாநிலத்தைப் பற்றியோ அந்தப் புத்தகங்களில் ஒரு வரி கிடையாது. நான்காம் வகுப்போடு படிப்பு முடியும். அதன்பிறகு கித்தாப் பால்வாளிதான்.

ஆனால் வரலாறு அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைக்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன். பள்ளியில் கிடைக்காதது லயத்து வாசலில் கிடைத்தது. நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறி, பினாங்கில் இறங்கித் தொற்றுத் தடுப்பு முகாமில் இருந்துவிட்டு வந்தவர்கள் அதே வரிசையில் குடியிருந்தார்கள். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வளர்ந்த பிள்ளைகளின் பக்கத்து வீட்டில் சயாமுக்குப் போய்த் திரும்பி வந்தவர் இருந்தார். எதிர்வீட்டில் போனவர் திரும்பாத குடும்பம் இருந்தது. 1942-க்கும் 1943-க்கும் இடையே சப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா ரயில் பாதைக்கு மலாயாவிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொண்டு போகப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். அது எந்த வகுப்பிலும் பாடமாக இருக்கவில்லை. ஆனால் கிழங்கு தின்று பிழைத்த கதையும், காலில் புண் அழுகிய கதையும், லாரி வந்து ஆள் பிடித்துப் போன கதையும் சாயங்காலத்தில் காதில் விழுந்துகொண்டே இருந்தன. ஆண்டு எண் தெரியாது, வரைபடம் தெரியாது, யார் கட்டளையிட்டார் என்றும் தெரியாது. பக்கத்து வீட்டுத் தாத்தாவின் காலில் இருந்த தழும்பு தெரியும்.

குடியியலும் அப்படித்தான் வந்தது. அந்தச் சொல்லை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனால் அடையாள அட்டையின் நிறத்தை எல்லாப் பிள்ளைகளும் அறிந்திருந்தார்கள். நீலம் என்றால் குடிமகன், சிவப்பு என்றால் குடியுரிமை இல்லாத நிரந்தரவாசி. ஒரே வீட்டுக்குள் இரண்டு நிறமும் இருந்தன. அறுபதுகளின் இறுதியில் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலைப் பெர்மிட் கட்டாயமானபோது, ஏறத்தாழ அறுபதாயிரம் பேர் இந்தியாவுக்குத் திரும்பினார்கள். வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளை ஒரு நாள் வரவில்லை, பிறகு வரவே இல்லை என்றால், அதுதான் அன்றைய குடியியல் பாடம். வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்கு சேர்த்த தொழிலாளிகள் கூட்டுறவு என்றால் என்ன என்பதைத் தங்கள் சம்பளத்திலிருந்து படித்தார்கள். அவர்களின் பிள்ளைகள் அந்தப் பங்குப் புத்தகத்தை டிரங்குப் பெட்டிக்குள் பார்த்து வளர்ந்தார்கள்.

ஓவியத்துக்கு நேரமும் இல்லை, காகிதமும் இல்லை. சிலேட்டில் பூ வரைந்தால் அடுத்த கணக்குக்கு அதை அழிக்க வேண்டும். கையின் பழக்கம் வேறு இடங்களில் நடந்தது. வாசல் கோலம், தென்னோலைத் தோரணம், களிமண் பிள்ளையார், தீமிதிக்கு முன் கோயிலுக்குச் செய்யும் அலங்காரம். இவற்றைக் கலை என்று யாரும் மதிப்பெண் போட்டதில்லை.

பாடநூல்கள் மாறியது விடுதலைக்குப் பிறகு. 1956-ஆம் ஆண்டு ரசாக் அறிக்கை எல்லா மொழிப் பள்ளிகளுக்கும் பொதுவான பாடத்திட்டம் வேண்டும் என்றது. தமிழ்ப்பள்ளி மாணவரும் சீனப்பள்ளி மாணவரும் ஒரே நாட்டின் கதையைப் படிக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். கப்பலில் வந்த புத்தகங்களின் இடத்தை இந்த நாட்டின் புத்தகங்கள் பிடித்தன. 1970 ஆகஸ்ட் 31-இல் தேசியக் கோட்பாடான ருக்குன் நெகாரா அறிவிக்கப்பட்ட பிறகு, அதன் ஐந்து கோட்பாடுகளும் பள்ளிச் சபைகூடலில் ஒலிக்கத் தொடங்கின. 1990-களில் வந்த 'காஜியான் தெம்பாத்தான்' பாடம் உள்ளூரையும் நாட்டையும் சேர்த்துச் சொன்னது. 2005-இல் குடியியலும் குடியுரிமைக் கல்வியும் தனிப்பாடமாக வந்தது. 2014 முதல் ஆண்டு 4-லிருந்தே வரலாறு தனிப்பாடம். சிலேட்டுக் காலத்தோடு ஒப்பிட்டால் இது சிறிய மாற்றமல்ல. மலாக்கா சுல்தானகத்தையும், பிரிட்டிஷாரை எதிர்த்து நின்ற தோக் ஜங்குட்டையும் லோபாக் பிள்ளை இன்று தமிழில் படிக்கிறது.

திரைக்கு வருவோம். கல்வித் தொலைக்காட்சி 1972 ஜூன் 19-இல் தொடங்கியது. அப்போது பல தோட்டங்களில் ஜெனரேட்டர் மின்சாரம் மாலையில் சில மணி நேரம் மட்டுமே. பாடம் ஒளிபரப்பானது பகலில். நகரத்துப் பள்ளியில் ஒரு பெட்டிக்கு முன் வகுப்பு கூடி உட்கார்ந்தபோது, தோட்டத்துப் பள்ளி அதைக் கேள்விப்பட்டதோடு சரி. 1999-இல் நாடு முழுவதும் 88 பள்ளிகளை 'செக்கோலா பெஸ்தாரி' (விவேகப் பள்ளி) என்று தேர்ந்தெடுத்துக் கணினி கொடுத்தார்கள். அடுத்த பத்தாண்டில் ஏறத்தாழ பத்தாயிரம் பள்ளிகளுக்கு இணையமும் மெய்நிகர் கற்றல் தளமும் தரும் பெருந்திட்டம் வந்து, 2019-இல் முடிவுக்கும் வந்தது. அதில் ஆசிரியர்கள் ஏற்றி வைத்த பாடங்களில் எவ்வளவு காப்பாற்றப்பட்டன என்பது எனக்கு இன்றும் உறுத்துகிற கேள்வி. கரும்பலகையில் எழுதியது அழியும் என்பது எல்லாருக்கும் தெரியும். கணினியில் ஏற்றியதும் அழியும் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பள்ளி மூடியது. மூன்று மாதத்தில், ஜூன் 15 அன்று, கல்வி அமைச்சின் 'டெலிமா' தளம் தொடங்கியது. ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு கணக்கு. அதற்குள் பாடநூல்களின் மின்வடிவம், காணொளி, கூகுள் வகுப்பறை. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் டிடிக் டிவி என்னும் கல்வி ஒளிபரப்பு முழுநேர அலைவரிசையானது. இல்லிருப்புக் கற்றலின் இன்னொரு பக்கத்தையும் மறைக்கக் கூடாது. ஏறத்தாழ ஒன்பது லட்சம் மாணவர்களைப் பற்றி அமைச்சு எடுத்த கணக்கில், 36.9 விழுக்காட்டினரிடம் எந்தக் கருவியும் இருக்கவில்லை. பெரும்பாலோரிடம் இருந்த கருவி கைப்பேசி. அப்பா வேலை முடிந்து வந்தபிறகு அவருடைய கைப்பேசியில் அக்காளும் தம்பியும் முறை வைத்துப் பாடம் படித்த வீடுகள் லோபாக்கிலும் இருந்தன, இன்னும் உள்ளே இருக்கும் தோட்டங்களிலும் இருந்தன. அந்தக் காலத்தில் தங்கள் செலவில் பயிற்சித்தாள் அச்சிட்டு வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுத்த தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களை இந்தச் சமூகம் மறக்கலாகாது.

பள்ளி திறந்தது, கருவி தங்கிவிட்டது. இன்று ஆண்டு 5 படிக்கும் பிள்ளையின் கைக்கு எட்டுவதைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பழைய நாளிதழ்த் தளத்தில் 1845 முதலான ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் இருக்கிறது, கோ. சாரங்கபாணி 1935-இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய பக்கங்கள் இருக்கின்றன. 1887-இல் வெளிவந்த சிங்கை நேசனும் இருக்கிறது. பிரிட்டிஷ் பாத்தே நிறுவனம் 2014-இல் தன்னுடைய 85,000 செய்திப்படங்களை வலையொளியில் ஏற்றியது. தமிழ் விக்கிப்பீடியாவில் சிரம்பானுக்கும் மாநிலத்தின் அரச நகரான ஸ்ரீ மெனாந்திக்கும் கட்டுரைகள் இருக்கின்றன. ஆணி அடிக்காமல் 99 தூண்களில் நிற்கும் ஸ்ரீ மெனாந்தி பழைய அரண்மனையை, அங்கே போகாமலேயே சுற்றிப் பார்க்கலாம். முதல் பேரரசர் துவாங்கு அப்துல் ரஹ்மான் நம் மாநிலத்தவர். அவர் முகம் எல்லா ரிங்கிட் தாளிலும் இருக்கிறது. 1957-ஆம் ஆண்டு படத்தையும் கையிலிருக்கும் தாளையும் அருகருகே வைத்துக் காட்ட ஒரு ஆசிரியருக்கு இன்று அரை நிமிடம் போதும்.

ஓவியத்தில் லாபம் இன்னும் தெளிவு. வண்ணப் பென்சில் வாங்குவதே பெரிய செலவாக இருந்த வீட்டின் பேத்தி, உலகத்தின் அருங்காட்சியக ஓவியங்களைத் தூரிகைத் தடம் தெரியும் அளவுக்குப் பெரிதாக்கிப் பார்க்கிறாள். தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்று, மலேசியாவின் முக்கிய ஓவியர்களுள் ஒருவரான சையத் தாஜுதீனின் படைப்புகளை அவள் திரையில் காண முடியும். அவளுடைய பாட்டிக்கு, ஓவியர் என்ற பெயரில் தமிழ் பேசும் ஒருவர் இருக்கக்கூடும் என்பதே தெரிந்திருக்காது. இதில் இழப்பு எதையும் நான் காணவில்லை. கோலம் போட வாசல் இல்லாமல் போனது வீடமைப்பின் விளைவு. அதற்குத் திரையைக் குறை சொல்வது நியாயமாகாது.

குடியியலில் எனக்கு அவ்வளவு நிம்மதி இல்லை. 2019 முதல் அன்பு, மரியாதை, பொறுப்பு, மகிழ்ச்சி என்ற நான்கு விழுமியங்களை மாதத்தின் நான்காம் வாரத்தில் மற்றப் பாடங்களோடு இணைத்துக் கற்பிக்கிறார்கள். திரையில் காணொளி ஓடுகிறது, கடைசியில் புதிர்ப் போட்டி, சரியான விடைக்கு நட்சத்திரம். பிள்ளைகள் ஆர்வமாகச் செய்கிறார்கள். விழுமியங்களில் குறையில்லை. ஆனால் வீட்டில் சிவப்பு அட்டை வைத்திருந்த கொள்ளுப்பாட்டிக்கும் இந்தப் புதிருக்கும் நடுவில் ஒரு பாலம் இல்லை. குடியுரிமை என்பது ஒரு காலத்தில் படிவம் எழுதி, சாட்சி தேடி, அலுவலகத்துக்கு அலைந்து பெற வேண்டிய ஒன்றாக இருந்தது என்பது அந்த நட்சத்திரத்துக்குள் இல்லை.

வரலாற்றிலும் இதே இடைவெளி. சயாம் மரண ரயிலைப் பற்றிப் பிள்ளை இன்று தேடினால் நொடியில் வரைபடம், படங்கள், பாலங்கள், கல்லறைகள் எல்லாம் வருகின்றன. முன்வரிசையில் வருபவை பெரும்பாலும் வெள்ளைக்காரப் போர்க்கைதிகளின் படங்கள். அவர்களுக்குப் பெயர் பொறித்த கல்லறை உண்டு. தமிழ்த் தொழிலாளிக்கு அப்படி ஒன்று இல்லாததால் இணையத்திலும் அவனுக்கு முகம் குறைவு. அன்றைய பிள்ளைக்கு வரைபடம் இல்லை, தாத்தா இருந்தார். இன்றைய பிள்ளைக்கு வரைபடம் இருக்கிறது. தன்னுடைய குடும்பம் வேலை செய்த தோட்டத்தின் பெயரைத் தேடுபொறியில் இட்டாலோ, முதலில் வருவது அதே பெயரில் எழுந்த வீடமைப்புப் பகுதியின் விற்பனை விளம்பரமும் இரட்டைமாடி வீட்டின் விலையும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களம் எங்கே இருந்தது, குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக்கொட்டகை எங்கே இருந்தது, பள்ளி எந்த ஆண்டு இடம் மாறியது என்பதைச் சொல்லும் பக்கம் அரிது.

இதற்கு ஒரு வாய்ப்பு பாடத்திட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆண்டு 4 வரலாற்றின் தொடக்கப் பகுதியில் பிள்ளை தன் குடும்பத்தின் வரலாற்றையும் பள்ளியின் வரலாற்றையும் அறிய வேண்டும். இணையத்தில் ஆயத்தமாகக் கிடைக்காத ஒரே பாடம் இதுதான். பெரும்பாலான வீடுகளில் தாத்தா, அப்பா, தான் என்று மூன்று கட்டம் வரைந்து, படம் ஒட்டி, ஒப்படைத்துவிடுகிறார்கள். நல்ல ஆசிரியர் கிடைத்த வகுப்பில் பிள்ளைகள் பாட்டியின் குரலைக் கைப்பேசியில் பதிந்து புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் அனுப்புகிறார்கள். அந்தக் குரல்களைச் சேர்த்து வைக்கும் இடம் பெரும்பாலும் இல்லை. கைப்பேசி மாறும்போது அவையும் போகின்றன.

கப்பலில் வந்தவர்களில் பெரும்பாலோர் இப்போது இல்லை. சயாமிலிருந்து திரும்பியவர்களிலும் பெரும்பாலோர் இல்லை. லயத்தில் பிறந்து, துண்டாடலையும் பெர்மிட்டையும் சின்ன வயதில் பார்த்தவர்கள் இன்னும் லோபாக்கிலும் ரசாவிலும் ராஹாங்கிலும் செனவாங்கிலும் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. எந்தத் தோட்டம், எத்தனையாவது நிரை? ஒரு நாளைக்கு எத்தனை மரம் வெட்டினீர்கள், எத்தனை மணிக்குப் பிரட்டு? பள்ளிக்கூடத்தில் வாத்தியார் என்ன கதை சொல்வார்? தோட்டத்தை விற்றபோது எத்தனை நாள் கெடு கொடுத்தார்கள்? உங்கள் அம்மாவின் அட்டை எந்த ஆண்டு நீலமானது?