மூன்று சர்வருக்கு ஒரே ஞாபகம்

“ஸ்பேம் தொல்லை தாங்கலை, ஒரு ஃபில்டர் போட்டு விடுங்க” என்று நிர்வாகம் சுலபமாகச் சொல்லிவிடும். ஒரே ஒரு மெயில் சர்வர் இருக்கும் அலுவலகத்தில் வேலையும் சுலபம்தான். போஸ்ட்ஃபிக்ஸ் மெயில் மென்பொருளுடன் ஸ்பேம்அசாசின் அல்லது ஆர்ஸ்பேம்டி ஃபில்டரை இணைத்தால் முடிந்தது, இரண்டுமே இலவசம். ஆனால் ஒன்று படுத்தாலும் மெயில் நிற்கக் கூடாது என்று மூன்று சர்வர்களைக் கூட்டாக ஓட்டும் நிறுவனத்தில் இதே வேலை ஆளைப் படுத்தி எடுக்கும்.

ஜஸ்டின் மேசன் 2001-ல் வெளியிட்ட ஸ்பேம்அசாசின், ஒவ்வொரு மெயிலுக்கும் மதிப்பெண் போடுகிறது. மொத்தம் ஐந்தைத் தொட்டால் ஸ்பேம். அடுத்த ஆண்டே பால் கிரஹாம் எழுதிய கட்டுரையால் பேசியன் முறை பரவியது: எந்தச் சொல் குப்பையில் அதிகம் வருகிறது, எது நல்ல மெயிலில் வருகிறது என்று ஃபில்டர் தானே கற்றுக்கொள்ளும். குறைந்தது 200 ஸ்பேம், 200 நல்ல மெயில் பார்க்கும்வரை ஸ்பேம்அசாசினின் இந்தப் பகுதி வாயே திறக்காது.

சிக்கல் தொடங்குவது இங்கேதான். மூன்று சர்வர்களும் தனித்தனியே கற்றால், ஒன்றிடம் ‘இது ஸ்பேம்’ என்று சொல்லிக்கொடுத்தது மற்ற இரண்டுக்கும் தெரியாது. அதே லாட்டரி மெயில் காலையில் குப்பைக்குப் போகும், மதியம் இன்பாக்ஸில் உட்கார்ந்திருக்கும். தனித்தனியே சோதித்தால் மூன்றும் ஒழுங்காகவே வேலை செய்யும். கற்ற பாடத்தை ரெடிஸ் போன்ற பொதுத் தரவுத்தளத்தில் வைப்பதே இதற்கு மருந்து.

கிரேலிஸ்டிங் இன்னும் மோசம். 2003-ல் இவான் ஹாரிஸ் முன்வைத்த யோசனை இது: முன்பின் தெரியாதவர் மெயில் அனுப்பினால் ‘அப்புறம் வா’ என்று 451 எண்ணுடன் திருப்பிவிடுவது. முறையான சர்வர் சில நிமிடம் கழித்து மறுபடி வரும். குப்பையைக் கொட்டுகிறவன் பெரும்பாலும் வரமாட்டான். கூட்டு சர்வர்களில் ஒவ்வொன்றும் தனிப்பதிவு வைத்திருந்தால் லாகில் இப்படி ஒரு காட்சியைப் பார்க்கலாம். 10.02-க்கு முதல் சர்வரில் 451. 10.17-க்கு இரண்டாவதில் 451. 10.47-க்கு மூன்றாவதில் 451. “கொட்டேஷன் அனுப்பிட்டேன்னு சொல்றாங்க, இங்க வரலையே சார்” என்று கணக்குப் பிரிவிலிருந்து போன் வருவது இதனால்தான். ஜிமெயில் போன்ற பெரிய சேவைகள் மறுமுறை வேறு ஐ.பி.யிலிருந்து வருவதும் உண்டு; அப்போதும் புதியவராகவே தெரியும். என்னைக் கேட்டால், இன்றைக்கு கிரேலிஸ்டிங்கை எல்லா மெயிலுக்கும் போடவே வேண்டாம். சந்தேக மதிப்பெண் வாங்கியதை மட்டும் காக்க வைத்தால் போதும்.

அடுத்தது, வரும் மெயிலை மூன்று சர்வர்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் லோட் பேலன்சர். வாசல் காவலர் எல்லாக் கடிதத்திலும் அனுப்புநர் என்று தன் பெயரையே எழுதிக் கொடுத்தால் எப்படியோ, அப்படி எல்லா மெயிலும் பேலன்சரின் ஐ.பி.யிலிருந்து வந்ததாகத் தெரியும். ஐ.பி.யை வைத்துச் சொல்லும் ஸ்பேம்ஹாஸ் தடைப்பட்டியலும், அனுப்பும் சர்வருக்கு அனுமதி உண்டா என்று பார்க்கும் எஸ்.பி.எஃப். சோதனையும் குருடாகிவிடும். அந்த ஐ.பி. ‘நம் ஆள்’ பட்டியலில் இருந்துவிட்டால் போச்சு: உலகமே நம் சர்வர் வழியாக ஸ்பேம் அனுப்பும், தடைப்பட்டியலில் நம் பெயரே ஏறும். ஹெச்.ஏ.பிராக்ஸி என்ற பேலன்சர் கொண்டுவந்த பிராக்ஸி புரோட்டோகாலை இரு பக்கமும் இயக்கினால் உண்மையான ஐ.பி. உள்ளே வரும். போஸ்ட்ஃபிக்ஸுக்கு அது தெரியும்.

போட்டுவிட்டு மறக்கும் சமாச்சாரமும் அல்ல இது. ஓ.ஆர்.டி.பி. என்ற தடைப்பட்டியல் 2006 டிசம்பரில் மூடப்பட்டது. 2008 மார்ச்சில் அது, தன்னிடம் கேட்கப்பட்ட ஐ.பி. அத்தனைக்கும் ‘ஸ்பேம்’ என்று பதில் சொல்லத் தொடங்கியது. அமைப்பிலிருந்து அந்தப் பட்டியலைக் குறிக்கும் ஒரு வரியை நீக்காதவர்களுக்கு நல்ல மெயிலும் நின்றுபோனது. 2010 என்ற ஆண்டை ‘ரொம்ப தூரத்து எதிர்காலம்’ என்று எண்ணும் விதி ஒன்று ஸ்பேம்அசாசினிலேயே இருந்தது. அந்த ஜனவரி முதல் தேதி பிறந்ததும் அன்றைய மெயில்கள் எல்லாம் சந்தேகப் பேர்வழிகளாயின.

ஆகவே முதல் சில வாரங்கள் எதையும் நிராகரிக்காமல், அடையாளம் மட்டும் போட்டு ஜங்க் பெட்டியில் சேர்ப்பது நல்லது. பிறகு, மிக அதிக மதிப்பெண் பெற்றதை வாசலிலேயே மறுக்கலாம். உள்ளே வாங்கிவிட்டுத் திருப்பி அனுப்பினால், போலியாகப் பெயர் பயன்படுத்தப்பட்ட அப்பாவியின் பெட்டி நிரம்பும்.

கடைசியாக, நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மூன்று சர்வரும் ஒரே ரெடிஸை நம்பியிருந்தால், அது படுத்தால் என்ன ஆகும்? பில்லில் கையெழுத்துப் போடும் முன் ரெடிஸ் ஓடும் இயந்திரத்தை உங்கள் கண்முன்னே ஒருமுறை நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள். ஸ்பேம் கொஞ்சம் கூடலாம், பரவாயில்லை. மெயில் நின்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.