பெட்டிக்குள் விசைப்பலகையும் இருக்கட்டும்

ஆடி மாதத்தில் பெர்ன்ஹில்லில் மழை ஓய்வது அரிது. சன்னல்களை மூடிவிட்டு, பகலிலும் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் பாடம் நடத்துவோம். அப்படியொரு நாளில் எங்கள் பள்ளிக்கு இரண்டு புதிய மேசைக் கணினிகள் வந்து இறங்கின. முன்னாள் மாணவர் ஒருவர் தம் முதல் ஆண்டுச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து அனுப்பியவை. தலைமை ஆசிரியர் முகத்தில் அன்று அத்தனை மகிழ்ச்சி.

ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பெட்டிகளைப் பிரித்தார்கள். திரை வந்தது, மையச் செயலகம் வந்தது, மின்கம்பிகள் வந்தன. "கீபோர்டு எங்க டீச்சர்?" என்று ஒருத்தி கேட்டாள். பெட்டியைக் கவிழ்த்துத் தட்டியும் பார்த்துவிட்டோம். இல்லை. ரசீதைப் பார்த்தபோதுதான் விவரம் தெரிந்தது. விசைப்பலகையும் சுட்டியும் தனி விலை. வாங்கிய தம்பி இரண்டு விலைப்பட்டியல்களில் குறைந்ததைத் தேர்ந்திருக்கிறார். "அதெல்லாம் பள்ளியில் பழசு நிறைய இருக்கும் என்று நினைத்தேன் டீச்சர்" என்றார் தொலைபேசியில். அவர் மேல் குற்றம் சொல்ல ஏதுமில்லை.

இணைப்பைக் கொடுத்துக் கணினியை இயக்கினோம். திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி தோன்றியது. அதன் பொருள் இதுதான்: 'விசைப்பலகை இல்லை, தொடர எஃப் 1 விசையை அழுத்தவும்.' அதைத் தமிழில் சொன்னதும் வகுப்பே சிரித்தது. "இல்லாத கீபோர்டுல எப்படி டீச்சர் அழுத்துறது?" என்று கேட்டான் ஒருவன். நானும் சிரித்தேன். ஆனால் அதன் பிறகு மூன்று வாரம் அந்த இரண்டு கணினிகளும் துணி போர்த்தியபடியே கிடந்தன. அப்போது யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

மேசைக் கணினி என்றால் விசைப்பலகையும் சுட்டியும் சேர்ந்துதான் வர வேண்டுமா, வேண்டியவர் தனியே வாங்கிக்கொண்டால் போதாதா? கடைக்காரரும் வாங்குபவரும் பேசிக்கொள்ளும் சிறிய விஷயம் போலத் தோன்றும் இந்தக் கேள்வி, பள்ளிக்குள் வரும்போது பெரிதாகிவிடுகிறது. நான் படித்தறிந்ததையும் பட்டறிந்ததையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

பிரிந்ததும் சேர்ந்ததும்

நம் நாட்டுப் பள்ளிகளுக்குள் கணினி நுழைந்த காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. 1984-85இல் நடுவண் அரசு 'கிளாஸ்' என்ற கணினி அறிவுத் திட்டத்தைச் சுமார் 250 பள்ளிகளில் தொடங்கியது. அதில் பயன்பட்டது 'பிபிசி மைக்ரோ' என்னும் கணினி. அதில் விசைப்பலகையும் கணினியும் ஒரே பெட்டி. விசைகளுக்கு அடியிலேயே மின்சுற்றுகள் இருக்கும். அதைத் திரையோடு இணைத்தால் போதும்.

1981 ஆகஸ்டில் வெளிவந்த 'ஐபிஎம் பிசி'யில் விசைப்பலகை தனி உறுப்பாக, கம்பியால் இணைக்கப்பட்டு வந்தது. சுட்டி அப்போது அதனுடன் இல்லை. 1984இல் ஆப்பிள் நிறுவனத்தின் 'மெக்கின்டோஷ்' சுட்டியையும் சேர்த்தே கொடுத்தது. படங்களைச் சுட்டிச் சொடுக்கி வேலை வாங்கும் கணினிக்குச் சுட்டி இல்லாமல் முடியாதல்லவா? பின்னர் எல்லா மேசைக் கணினிகளிலும் இதுவே வழக்கமாயிற்று.

அந்த வழக்கத்தை மாற்றியதும் ஆப்பிள்தான். 2005 சனவரியில் வந்த 'மேக் மினி', திரையும் விசைப்பலகையும் சுட்டியும் இல்லாமல் விற்கப்பட்டது. இவையெல்லாம் ஏற்கெனவே உங்கள் மேசையில் இருக்கும், கணினியை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள் என்பது அதன் கணக்கு. விலை குறைந்தது. 2012இல் மாணவர்களுக்கென்றே உருவான 'ராஸ்பெரி பை' இன்னும் ஒரு படி மேலே போய், வெறும் மின்சுற்றுப் பலகையாகவே வந்தது. ஆனால் அதே நிறுவனம் 2020 நவம்பரில் 'பை 400' என்றொரு கணினியை வெளியிட்டது. அதில் முழுக் கணினியும் விசைப்பலகைக்கு உள்ளேயே இருந்தது. பிபிசி மைக்ரோவின் வடிவம் முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்ததுபோல!

வேண்டாம் என்பவர் சொல்வதில் நியாயம் உண்டு

நல்ல விசைப்பலகை பல ஆண்டுகள் உழைக்கும். கணினியை மாற்றும்போதெல்லாம் புதிதாக ஒன்று வந்தால், பழையது பயனில் இருக்கும்போதே குப்பைக்குப் போகிறது. நெகிழியும் செம்புக் கம்பியும் மின்சுற்றும் கலந்த அந்தக் குப்பையைப் பிரிப்பது எளிதன்று.

திறன்பேசியின் மின்னேற்றியிலும் இதே வாதம் எழுந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 திசம்பர் 28 முதல் திறன்பேசி போன்ற கருவிகளுக்கு ஒரே வகை மின்னேற்றத் துளை கட்டாயம். மின்னேற்றி இல்லாமலும் கருவியை வாங்கும் வாய்ப்பை வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தில் உண்டு. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். துளையை ஒன்றாக்குவதோடு சேர்த்துத்தான் மின்னேற்றியைப் பெட்டியிலிருந்து எடுக்கலாம் என்றார்கள். பழையது புதியதில் பொருந்தும் என்ற உறுதி இருந்தால் மட்டுமே 'உங்களிடம் இருப்பதே போதும்' என்று சொல்ல முடியும்.

இன்னொரு நியாயமும் உண்டு. எல்லாக் கைகளுக்கும் ஒரே கருவி ஒத்துவராது. விரல் அசைவில் சிரமப்படும் பிள்ளைக்குப் பெரிய விசைகள் கொண்ட பலகை வேண்டும். சுட்டியை நகர்த்த முடியாத பிள்ளைக்கு உருளைப்பந்துச் சுட்டி உதவும். எல்லாவற்றையும் ஒரே அச்சில் வாங்கினால் இந்தப் பிள்ளைகளை மறந்துவிடுவோம்.

பள்ளியின் கணக்கு வேறு

வீட்டில் வேலை செய்யும் இந்த நியாயங்கள் பள்ளியில் ஏன் தடுமாறுகின்றன என்பதை அந்த மூன்று வாரங்களில் கண்டேன்.

எங்கள் அலமாரியில் பழைய விசைப்பலகைகள் ஆறு இருந்தன. அந்தத் தம்பி நினைத்தது சரிதான். ஆனால் ஆறும் ஊதா நிற வட்டச் செருகியுடையவை. 'பிஎஸ்/2' எனப்படும் இந்த இணைப்பு 1987இல் வந்தது. ஆறு ஊசிகள் கொண்ட இதைச் சற்றுத் திருப்பி அழுத்தினாலும் ஊசி வளைந்துவிடும். கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது செருகினால் பெரும்பாலும் வேலை செய்யாது. புதிய கணினிகளில் இருந்ததோ தட்டையான 'யுஎஸ்பி' துளைகள் மட்டும். பொருத்தும் மாற்றி ஒன்றைக் கடன் வாங்கிச் செருகிப் பார்த்தோம். ஆறில் ஒன்றுதான் உயிர்பெற்றது, அதிலும் இடைவெளி விசை இறங்கவில்லை.

'சில நூறு ரூபாய்தானே, வாங்கிவிடலாமே' என்று நீங்கள் கேட்கலாம். ஆயிரக்கணக்கில் செலவாகும் பொருளுக்கு நன்கொடையாளர் கிடைப்பார். அந்தச் சில நூறுக்கு யாரைக் கேட்பது? பள்ளி மானியத்தில் கழிவறைச் சுத்தமும் மின்விளக்கும் சுண்ணாம்பு பூச்சும் முன்னே நிற்கின்றன. கடைசியில் நம் கைப்பணம்தான். எத்தனை ஆசிரியர்கள் இப்படித் தம் பையிலிருந்து செலவிடுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததன்று.

எல்லாவற்றையும்விட முக்கியமானது பிள்ளைகளின் நிலை. எங்கள் பள்ளியில் படிப்பவர்கள் பெரும்பாலும் மலைக்காய்கறித் தோட்டங்களுக்கும் தேயிலைத் தோட்டங்களுக்கும் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள். வீட்டில் திறன்பேசி உண்டு. தொட்டு இழுக்கத் தெரியும். ஆனால் விசைப்பலகையை அவர்கள் முதன்முதலில் தொடுவது பள்ளியில்தான். 'உங்களிடம் ஏற்கெனவே இருக்கும்' என்ற கணக்கு அவர்களுக்குச் செல்லாது.

ஆறாம் வகுப்பு அறிவியலில் உள்ளீட்டகம், மையச் செயலகம், வெளியீட்டகம் மூன்றும் சேர்ந்ததே கணினி என்று கற்பிக்கிறோம். நம் நாட்டு விதியும் அதையே சொல்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின் அட்டவணையில், தனியாள் கணினி என்பது உள்ளீட்டு, வெளியீட்டுக் கருவிகளுடன் கூடிய மையச் செயலகம் என்றே குறிக்கப்பட்டிருக்கிறது. கழிக்கும்போது ஒன்றாக எண்ணப்படுவது, வாங்கும்போதும் ஒன்றாக எண்ணப்பட வேண்டாமா?

தமிழ் எழுத்துள்ள பலகை

கணினியோடு சேர்த்து வாங்குவதில் இன்னொரு நன்மை உண்டு. விவரக் குறிப்பில் நமக்கு வேண்டியதைக் கேட்கலாம். கடையில் அவசரத்துக்கு வாங்கும் விசைப்பலகையில் ஆங்கில எழுத்து மட்டுமே இருக்கும்.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டை ஒட்டி, தமிழ்நாடு அரசு 'தமிழ் 99' விசைப்பலகை அமைப்பை ஏற்றது. அதில் உயிரெழுத்துகள் பன்னிரண்டும் இடக்கைப் பக்கம். மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். க விசையை அழுத்தி இ விசையை அழுத்தினால் கி வரும். 'அம்மா' என்று அடிக்க அ, ம, ம, ஆ என்ற நான்கே விசைகள். ஒரே மெய் இரு முறை வந்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழுந்துவிடும். 247 எழுத்துகளுக்கும் 247 விசைகள் வேண்டாம் என்பதைப் பிள்ளைகள் தம் விரல்களாலேயே கண்டுகொள்கிறார்கள். உயிரும் மெய்யும் சேர்ந்து உயிர்மெய் பிறப்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கற்பித்தல் கருவி என்னிடம் வேறு இல்லை. எழுத்து அச்சிட்ட பலகை கிடைக்காதபோது ஒட்டுவில்லைகளை ஒட்டியும் நடத்தியிருக்கிறேன். ஆனால் எங்கள் ஊர் ஈரத்தில் ஒட்டுவில்லை ஒரு பருவம்கூட நிற்காது.

முதலில் பழுதாவதும் இதுதான்

பெர்ன்ஹில் கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் புல்லின்மேல் உறைபனி வெள்ளையாகப் படியும். இரவெல்லாம் பூட்டிக் கிடந்து குளிர்ந்த அறையில், காலையில் முப்பது பிள்ளைகள் நுழைந்ததும் அவர்கள் மூச்சுக்காற்றின் ஈரம் குளிர்ந்த பொருள்கள்மேல் படிகிறது.

சாதாரண விசைப்பலகைக்குள் மெல்லிய நெகிழித் தாள்கள் இருக்கும். அவற்றில் மின்கடத்தும் மையால் கோடுகள் வரைந்திருப்பார்கள். விசையை அழுத்தும்போது மேல்தாளின் கோடு கீழ்த்தாளின் கோட்டைத் தொடும். கணினி அதை ஓர் எழுத்தாகப் புரிந்துகொள்ளும். ஈரம் உள்ளே புகுந்து கோடு அரித்துவிட்டால் அந்த விசை செத்துவிடும். ஒளிச்சுட்டியின் வயிற்றிலோ ஒரு சிறு விளக்கும் ஒரு குட்டிக் கேமராவும் இருக்கின்றன. அது மேசைப்பரப்பை நொடிக்கு ஆயிரம் முறைக்கும் மேல் படமெடுத்து, எந்தப் பக்கம் நகர்ந்தோம் என்று கணக்கிடுகிறது. கண்ணாடி மேசையில் அது தடுமாறும். அடியில் ஒரு தாளை வைத்தாலே சரியாகிவிடும். 'மவுஸ் ரிப்பேர்' என்று ஒதுக்குவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

மையச் செயலகம் ஓரமாக நிற்கிறது. பிள்ளைகளின் கை நாள் முழுவதும் படுவது விசைப்பலகையிலும் சுட்டியிலும்தான். அதனால் முதலில் தேய்வதும் அவையே. ஆனால் இருப்புப் பதிவேட்டில் நான் எழுதியிருந்தது 'கணினித் தொகுப்பு - 1' என்று மட்டும். விசைப்பலகை பழுதானாலும் ஏட்டில் கணினி முழுமையாகவே இருந்தது. ஏட்டில் இல்லாத பொருளை எப்படிக் கழிப்பது, எப்படிப் புதிது கேட்பது? அலமாரியில் ஆறு பழைய பலகைகள் அடைந்து கிடந்ததன் காரணம் அன்றுதான் எனக்கு உறைத்தது. தவறு என்னுடையதே.

சேர்ந்து வரட்டும், தனித்தனியே பதிவாகட்டும்

என் முடிவு இதுதான். பள்ளிக்கு வரும் மேசைக் கணினி, விசைப்பலகை சுட்டியோடு சேர்ந்தே வர வேண்டும். வந்த பின் ஏட்டில் அவை தனித்தனிப் பொருள்களாக நிற்க வேண்டும். முன்னது முதல் நாளைக் காக்கும். பின்னது அடுத்து வரும் ஆண்டுகளைக் காக்கும். இதற்கு நாம் செய்யக்கூடியவை சில:

நன்கொடையாளரிடம் 'ஒரு கணினி' என்று கேட்காமல், உறுப்புகளைப் பட்டியலிட்டுக் கொடுங்கள். பத்துக் கணினிக்கு இரண்டு விசைப்பலகையும் இரண்டு சுட்டியும் உபரியாகக் கேளுங்கள்.

பெட்டியைப் பிரிக்கும் அன்றே இணைத்து இயக்கிப் பார்த்துவிட்டு ஒப்பமிடுங்கள். தமிழ் எழுத்துகள் அச்சிட்ட பலகையை முதலில் கேளுங்கள்.

சிறப்புத் தேவையுள்ள பிள்ளை இருந்தால், அவருக்கேற்ற கருவியை அந்தப் பட்டியலிலேயே சேருங்கள்.

பழைய வட்டச் செருகிப் பலகைகளில் ஓடுபவற்றைப் பழைய கணினிகளுக்கு ஒதுக்குங்கள். ஓடாதவற்றில் ஒன்றைப் பிரித்து, தாள்களையும் கோடுகளையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். மற்றவை முறைப்படி மின்னணுக் கழிவாகப் போகட்டும்.

எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் நடந்ததைச் சொன்னேன். ஒரு தாய், "மண்வெட்டியைக் கொடுத்துட்டு காம்பைத் தனியா வாங்கிக்கன்னு சொன்ன மாதிரி இருக்கே டீச்சர்" என்றார். அந்த வாரமே பணம் சேர்ந்தது. துணியை எடுத்த அன்று, கீபோர்டு எங்கே என்று முதலில் கேட்ட அதே பெண்தான் முதல் இருக்கையில் உட்கார்ந்தாள். குளிரில் விரைத்த விரல்களைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, ஒவ்வொரு விசையாகத் தேடித் தேடித் தன் பெயரை அடித்து முடித்தாள். பிறகு எழுந்துகொள்ளாமல், "இன்னொரு வாட்டி அடிக்கட்டுமா டீச்சர்?" என்று கேட்டாள்.