கோவில்பத்தின் மின்சாரம் யார் கணக்கில்?

காரைக்காலின் கோவில்பத்தில் எரியும் விளக்குக்குப் பின்னால் பல கணக்குகள் இருக்கின்றன. காரைக்காலிலேயே, போலகத்தில், புதுச்சேரி மின்திறல் கழகத்தின் 32.5 மெகாவாட் எரிவாயு மின்நிலையம் 2000ஆம் ஆண்டிலிருந்து இயங்குகிறது. காவிரிப் படுகையில் எடுக்கப்படும் எரிவாயுவே அதன் எரிபொருள். எஞ்சிய தேவைக்கு நெய்வேலி, கல்பாக்கம், ராமகுண்டம் போன்ற மத்திய நிலையங்களின் பங்கு வருகிறது. முன்கூட்டித் திட்டமிட்டதற்கும் உண்மையில் எடுத்ததற்கும் உள்ள வித்தியாசம், ஒரு நாளை 96 கால்மணித் துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடப்படுகிறது. தென்மண்டலத்தில் இம்முறை 2003 ஜனவரியில் தொடங்கியது.

இவற்றில் பெரும்பகுதி இரகசியமல்ல. பெங்களூரிலுள்ள தென்மண்டல மின்பாரப் பகிர்வு மையம் தினசரி அறிக்கை வெளியிடுகிறது. மின்சந்தையின் கால்மணி விலையை யாரும் பார்க்கலாம். ஆனால் அந்த அறிக்கையில் புதுச்சேரியின் தேவை ஒரே வரி. தமிழ்நாட்டுக்குள் இருக்கும் புதுச்சேரியும் காரைக்காலும் அந்த ஒரே எண்ணுக்குள் கரைந்துவிடுகின்றன. காரைக்காலில் மாலை முழுவதும் மின்சாரம் நின்றாலும் அந்த வரி சற்றே குறையும், அவ்வளவுதான்.

எனவே மின்சாரத்தைக் கண்காணிக்க ஒரு பொது அமைப்பு வேண்டும்; அதன் அளவீட்டு அலகு பீடராக, அதாவது விநியோக மின்தடமாக, இருக்க வேண்டும். துணைமின் நிலையத்திலிருந்து புறப்படும் ஒவ்வொரு 11 கிலோவோல்ட் பீடரிலும் போன யூனிட், மின்னழுத்தம், தடை தொடங்கிய நேரம், முடிந்த நேரம் ஆகியவை கால்மணிக்கு ஒருமுறை பதிவாக வேண்டும். முதலில் பதிவான எண்ணை அழிக்கவே கூடாது. திருத்தம் வந்தால் அது தேதியுடன் பக்கத்தில் நிற்க வேண்டும். ஒரு பீடர் இரண்டாகப் பிரிந்தால் பழைய குறியீட்டின் வரலாறும் தொடர வேண்டும். இல்லையேல் பத்தாண்டுப் போக்கை எவராலும் ஒப்பிட முடியாது. ஸ்கேன் செய்த பக்கங்கள் இதற்கு உதவா. கணினி நேராகப் படிக்கும் அட்டவணைதான் தேவை.

பதிவு மெய்யா என்பதை மின்துறைக்கு வெளியிலிருந்தும் சோதிக்க வேண்டும். புனேயின் பிரயாஸ் அமைப்பு இதற்கு வழிகாட்டியிருக்கிறது: சாதாரண வீட்டு பிளக்கில் செருகிய சிறு கருவி, நிமிடத்துக்கு நிமிடம் மின்னழுத்தத்தைப் பதிந்து இணையத்துக்கு அனுப்பியது. துணைமின் நிலையத்தில் சரியாகத் தெரியும் மின்னழுத்தம் பீடரின் கடைசி வீட்டில் விழுந்துகிடக்கலாம். அதைக் காட்டுவது அந்த வீட்டின் கருவிதான்.

எல்லாவற்றையும் உடனே திறந்துவிடுவதும் ஆபத்து. டென்மார்க்கில் 1993இல் போட்டி ஆணையம் கான்கிரீட் விற்பனை விலைகளை நிறுவனவாரியாக வெளியிட்டது. விலை குறையும் என்று எதிர்பார்த்தார்கள். 15 முதல் 20 சதவீதம் ஏறியது. ஒருவர் விலையை மற்றவர் பார்த்துக்கொண்டதால் போட்டி தளர்ந்ததே காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினர். மின்சந்தையிலும் மொத்த விலை, மொத்த அளவு, நிலையங்களின் பழுது நிறுத்தம் ஆகியவை உடனே வெளிவரலாம். தனி நிறுவனங்களின் ஏலக்கேள்வி சில மாதம் கழித்தே வர வேண்டும். ஐரோப்பா 2015இல் திறந்த பொதுத் தளத்தில் நிலைய நிறுத்தங்கள் வெளியாகின்றன. தனி வீட்டு மீட்டர் எண் ஒருபோதும் வெளிவரக் கூடாது. வீட்டில் யார் எப்போது இல்லை என்பதை அது சொல்லிவிடும்.

இதை நடத்தும் பொறுப்பு மின்சாரம் விற்கும் துறையிடம் இருக்கலாகாது. புதுச்சேரிக்குக் கட்டணம் நிர்ணயிக்கும் இணை மின்சார ஒழுங்குமுறை ஆணையமே பொருத்தமானது, ஏனெனில் அது கட்டண மனுக்கள் மீது மக்களின் கருத்தைக் கேட்கிறது. பீடரில் போன யூனிட்டும் பில்லில் வந்த யூனிட்டும் ஒரே அட்டவணையில் இருந்தால், காரைக்கால் நுகர்வோர் அந்தக் கருத்துக்கேட்பில் தங்கள் பகுதியின் இழப்பை எண்ணாகவே முன்வைக்க முடியும்.