பட்டத்தின் வழியும் பெயரின் வழியும்

சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாயின் பெயரை அறியாதார் இலர். அப்பெயர்க்கு உரியவர், 1875 முதல் 1880 வரை சென்னை மாகாண ஆளுநராய் விளங்கிய மூன்றாம் பக்கிங்காம் கோமகன் ரிச்சர்டு கிரென்வில் ஆவார். விக்டோரியா அரசியார் காலத்து ஆங்கில உயர்குடியினரின் தாய முறை எத்தகையது என்பதை இவர்தம் குடிவழி கொண்டு ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

இவர் 1823-இல் பிறந்தார். பாட்டனார் 1822-இல் கோமகன் பட்டம் பெற்றவர். தந்தையாரோ பத்து இலட்சம் பவுனுக்கு மேற்பட்ட கடனில் அழுந்தினார். அக்காலத்து உயர்குடி நிலங்கள் பெரும்பாலும் தாயக் கட்டுப்பாட்டிற்கு உட்பட்டவை. அவற்றை உடையவர் வருவாயைத் துய்க்கலாமேயன்றி, நிலத்தை விற்றல் இயலாது. வயது வந்த வாரிசு இசைந்தாலன்றி அக்கட்டு அவிழாது. மைந்தர் இசைந்தார், நிலங்கள் விலைப்பட்டன. 1848-இல் ஸ்டோ மாளிகையின் பொருள்கள் நாற்பது நாள் ஏலத்தில் ஏறத்தாழ 75,000 பவுனுக்குப் போயின. தாம் பெறவேண்டிய செல்வத்தைத் தந்தையின் கடனுக்கு ஈந்த மைந்தர், 1853 முதல் 1861 வரை இலண்டன் வடமேற்கு இருப்புப்பாதைக் குழுமத்தின் தலைவராய் உழைத்தார். 1861-இல் கோமகனாகி, 1867-இல் குடியேற்ற நாடுகளின் அமைச்சரானார்.

1851-இல் மணந்த கரோலின் ஆர்வி அம்மையார் மூன்று மகளிரை ஈன்று 1874-இல் மறைந்தார். 1885-இல் செய்துகொண்ட இரண்டாம் மணத்தில் மகப்பேறு இல்லை. 1889-இல் கோமகன் இறந்தபோது, அவர் தாங்கிய பட்டங்கள் ஒரே வழியிற் செல்லவில்லை என்பது கருதத்தக்கது. கோமகன் பட்டம் ஆண்வழிக்கே உரியதாகலின் அவரோடு அற்றது. டெம்பிள் ஏர்ல் பட்டம், 1822-ஆம் ஆண்டுப் பட்டயத்தில் அவர்தம் தமக்கையின் ஆண்மக்களுக்கும் உரிமை வகுக்கப்பட்டிருந்தமையால், அத்தமக்கையின் மைந்தரைச் சேர்ந்தது. ஸ்காத்லாந்துக் கின்லாசு பட்டம் பெண்வழிக்கும் உரியது. ஆதலின் மூத்த மகள் மேரி அதனைப் பெற்றார். ஆகவே, மகள் தாயம் பெறுவதும் பெறாததும் குடியின் பெருமையைப் பொறுத்தனவல்ல. பட்டயத்தின் சொற்களைப் பொறுத்தனவே என்பது பெறப்படும்.

இனிப் பெயரின் வழியை நோக்குவோம். 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த பெரும் பஞ்சத்தில், நிவாரண வேலைக்கு வந்த ஏழை மக்களே கூவத்திற்கும் அடையாற்றிற்கும் இடைப்பட்ட கால்வாயை அகழ்ந்தனர். பட்டயம் காவாத பெயரை அவர்தம் மண்வெட்டி காத்தது. அகழ்ந்தோர் பெயரோ எவ்வேட்டிலும் ஏறவில்லை. குடிவழி ஆராய்வோர் இதனையும் உடன்வைத்து எண்ணுதல் வேண்டும் என்பது எம் கருத்து.