செத்தது யாரு... வாரிசு யாரு?

ஒரு நிமிஷம், நீங்கள் 14-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பெரிய நிலப்பிரபு என்று வைத்துக்கொள்ளுங்கள் பாஸ். கோட்டை, குதிரை, வேட்டை என்று லைஃப் செம ஜாலி. ஆனால், நீங்கள் மண்டையைப் போட்ட செய்தி ராஜாவின் ஆபீஸுக்குப் போனதும் அங்கிருந்து கிளம்புகிற முதல் லெட்டர் உங்கள் குடும்பத்துக்கு ஆறுதல் சொல்லி அல்ல. 'அந்த ஆளோட நிலத்தை எல்லாம் நம்ம கைக்குக் கொண்டு வா. அப்புறம் விசாரி!' என்று எஸ்கீட்டர் என்கிற அதிகாரிக்குப் போகும் ஆர்டர் அது.

எஸ்கீட்டர் உள்ளூர் ஆட்களைக் கூப்பிட்டு சத்தியம் வாங்குவார். இறந்தவருக்கு எங்கே எவ்வளவு நிலம்? யாரிடமிருந்து பெற்றது? வருஷ வருமானம் என்ன? எந்தத் தேதியில் செத்தார்? நெருங்கிய வாரிசு யார், வயசென்ன? பதிலையெல்லாம் லத்தீனில் தோல் சுருளில் எழுதி, சீல் வைத்து அனுப்ப வேண்டும். இந்த விசாரணைக்குப் பேர் 'இன்க்விசிஷன் போஸ்ட் மார்ட்டம்'. பதறாதீங்க, அறுப்பது பாடியை இல்லை, சொத்தை!

ராஜாவுக்கு ஏன் இவ்வளவு அக்கறை? எல்லாம் துட்டு. வாரிசுப் பையனுக்கு 21 வயசு ஆகவில்லை என்றால் ராஜாதான் கார்டியன். அதுவரை நில வருமானம் அவருக்கு. அந்த உரிமையை அவர் இன்னொருத்தருக்கு விற்கலாம். பையனுக்கு யாரோடு கல்யாணம் என்று முடிவு செய்யும் உரிமையையும் சேர்த்தே விற்கலாம்!

வயசு விஷயத்தில் தகராறு வந்தால் சாட்சிகள் வருவார்கள். பர்த் சர்டிஃபிகேட் இல்லாத காலம். சர்ச்சுகள் ஞானஸ்நானப் பதிவேடு வைக்க வேண்டும் என்ற உத்தரவே 1538-ல்தான் வந்தது. அதனால், 'அந்தப் பையன் பிறந்த வருஷம்தான் என் கால் உடைஞ்சது', 'அன்னைக்குத்தான் எங்கப்பாவை அடக்கம் பண்ணினோம்' என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஒரே மாதிரி கால் முறிவு பல கேஸ்களில் திரும்பத் திரும்ப வருவதால், வரலாற்று ஆசிரியர்களுக்கு இதில் கொஞ்சம் டவுட்டும் உண்டு. அந்தக் காலத்து ரெக்கார்டு நோட் காப்பி!

1230-களில் தொடங்கி 17-ம் நூற்றாண்டு வரை சேர்ந்த இந்தச் சுருள்கள் லண்டன் கியூவில் உள்ள நேஷனல் ஆர்க்கைவ்ஸில் இருக்கின்றன. ஆங்கிலச் சுருக்கங்களில் நிறைய நெட்டிலேயே ஃப்ரீ. ஒரு குடும்பத்தை இதை வைத்து எப்படிப் பின்தொடர்வது? கிளேர் குடும்பத்தைப் பார்க்கலாம்.

குளோஸ்டர் பிரபு கில்பர்ட் டி கிளேர். வருஷ வருமானம் சுமார் 6,000 பவுண்டு. அன்றைக்கு அது மலைக்க வைக்கிற தொகை. 1314 ஜூன் 24, ஸ்காட்லாந்தோடு நடந்த பானக்பர்ன் போரில் பாய்ந்து போனவர் அங்கேயே காலி. வயசு 23. குழந்தை இல்லை. சர்நேமை வைத்துத் தேடினால் இந்த மெயின் கிளை இங்கே முடிந்துவிடும். நோ ரிசல்ட்ஸ்!

ஆனால், நிலத்தை வைத்துத் தேடினால் கதை இப்போதுதான் ஆரம்பம். மகன் இருந்தால் மூத்தவனுக்கே எல்லாம். மகனே இல்லாமல் பெண்கள் மட்டும் இருந்தால் சம பங்கு. கில்பர்ட்டுக்கு எலினோர், மார்கரெட், எலிசபெத் என்று மூன்று சகோதரிகள். அப்பாவின் முதல் மனைவிக்குப் பிறந்த இசபெல் என்ற அக்காவும் உண்டு. சில ஊர் ஆட்கள் எலிசபெத்துக்குப் பதில் இசபெல் என்று சொல்லிவைக்க, குழப்பம். கடைசியில் இசபெல்லுக்கு ஒன்றும் இல்லை. அப்பா இரண்டாவது கல்யாணம் செய்தபோதே, சொத்தெல்லாம் அந்த மனைவியின் பிள்ளைகளுக்குப் போகும்படி எழுதியாகிவிட்டது.

நடுவில் இன்னொரு ட்விஸ்ட். கில்பர்ட்டின் மனைவி மாட், 'நான் கர்ப்பமா இருக்கேன்' என்றார். பிள்ளை பிறந்தால் மொத்தமும் அதற்கே. பங்கு பிரிப்பது நின்றது. பத்து மாசம் போனது. வருஷமும் திரும்பியது. பிள்ளை வரவில்லை! எலினோரின் கணவர் ஹ்யூ டெஸ்பென்சர் பொறுமை இழந்து 1315 மே மாதம் டன்பிரிட்ஜ் கோட்டைக்குள் புகுந்து உட்கார்ந்துவிட்டார். ராஜா இரண்டாம் எட்வர்டோ அசரவில்லை. பங்கு பிரியாதவரை வருமானம் அவருக்குத்தானே.

இந்த எட்வர்ட், சகோதரிகள் மூவருக்கும் தாய்மாமன். மாமன் செய்ததைப் படித்தால் கடுப்பாகிறது. விதவையாக அயர்லாந்தில் இருந்த எலிசபெத்தைத் திரும்ப வரச் சொன்னார். 1316-ல் பிரிஸ்டல் கோட்டையில் இருந்த அவரை தியோபால்ட் டி வெர்டன் என்பவர் கொண்டுபோய்க் கல்யாணம் செய்துகொண்டார். கேட்டால், 'அவங்களாத்தான் வெளியே வந்தாங்க' என்றார். எலிசபெத் என்ன சொன்னார் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. ஆறே மாதத்தில் தியோபால்டும் இறந்தார். 1317-ல் மார்கரெட்டை ஹ்யூ ஆட்லிக்கும், எலிசபெத்தை ரோஜர் டாமரிக்கும் மணம் முடித்தார்கள். மாப்பிள்ளைகள் இருவரும் ராஜாவின் செல்லங்கள். அதே வருஷம்தான் பங்கும் பிரிந்தது. என்ன ஒரு டைமிங்!

அப்போது எலிசபெத்துக்கு வந்த பங்கில் குடும்பத்தின் பெயருக்கே காரணமான சஃபோக் மாவட்டத்து கிளேர் ஊரும் இருந்தது. தன்னை 'கிளேர் சீமாட்டி' என்றே அழைத்துக்கொண்டார். கேம்பிரிட்ஜில் தடுமாறிக்கொண்டிருந்த ஒரு கல்லூரிக்கு அவர் சொத்து கொடுத்துத் தூக்கி நிறுத்தியதால்தான் அது இன்றும் கிளேர் காலேஜ். முதல் கல்யாணத்தில் பிறந்த ஒரே மகனை 1333-ல் அயர்லாந்தில் கொன்றுவிட்டார்கள். பாட்டி 1360-ல் இறந்தபோது அந்த மகன் விட்டுப்போன ஒரே பேத்தி வாரிசு. அவர் பெயரும் எலிசபெத்தான்.

பேத்தியின் கணவர் மூன்றாம் எட்வர்டின் மகன் லயோனல். அவருக்குக் கிடைத்த 'கிளாரன்ஸ்' பட்டம் கிளேரிலிருந்து வந்ததுதான். அவர்களின் ஒரே மகள் பிலிப்பா, மார்ட்டிமர் வீட்டுக்குப் போனார். குடும்பப் பெயர் மறுபடியும் மாறுகிறது. நிலம் மட்டும் அதேதான். பிலிப்பாவின் மகன் ரோஜர், அப்பா இறந்தபோது 7 வயசுப் பையன். ரோஜர் 1398-ல் கொல்லப்பட்டபோது அவர் மகன் எட்மண்டுக்கு 6. இரண்டு தடவையும் நிலம் ராஜா கைக்கு! எட்மண்ட் 1425-ல் குழந்தை இல்லாமல் பிளேக்கில் இறக்க, வாரிசு யார் என்று மறுபடி கேள்வி. அக்கா ஆனின் மகன் ரிச்சர்ட், யார்க் பிரபு. வயசு 13. அப்புறமென்ன, இவரும் மைனர்தான்.

இந்த ரிச்சர்டுக்கு லயோனலின் வாரிசு என்ற உரிமையும் நிலத்தோடு சேர்ந்தே வந்தது. லயோனல், அன்று ஆண்டுகொண்டிருந்த லங்காஸ்டர் குடும்பத்தின் மூதாதையான ஜானுக்கு அண்ணன். 'அப்போ சிம்மாசனம் எங்களுக்குத்தான்' என்று கேட்ட ரிச்சர்ட் 1460 டிசம்பரில் போரில் இறந்தார். மூன்றே மாதத்தில், 1461 மார்ச்சில், அவர் மகன் நான்காம் எட்வர்ட் ராஜா. பெண்கள் வழியாக உரிமை வருமா என்பதுதான் அந்தச் சண்டையின் முக்கியமான வாதமே. கிளேர் நிலமோ 1317-லிருந்து அப்படித்தான் வந்துகொண்டிருந்தது.

எட்வர்ட் முடிசூடியதும் கிளேர், ராஜாவின் சொந்த நிலமாகிவிட்டது. இனி அந்த ஊரைப் பற்றி விசாரிக்க எஸ்கீட்டர் வரத் தேவையில்லை. ராஜாவே செத்தால், லெட்டர் போட மேலே யார் இருக்கா?