பச்சைப் பட்டுக்கு எந்த வெளிச்சம்?

நம் மாதிரி ரயில் மேசையில் சென்ற வாரத்தோடு தண்டவாள வேலை முடிந்தது. மேசையின் பின்பக்கம் அழகர்மலையையும் நிறுத்தியாயிற்று. அழகர்கோவிலுக்கு ஏது ரயில் என்று சண்டைக்கு வருபவர்கள் வரட்டும். மதுரையிலிருந்து வடக்கே 20 கிலோமீட்டர் சொச்சம், பஸ்தான் போகும். ஆனால் மலையிலிருந்து கிளம்பும் கள்ளழகர் வைகைக்கு வந்துதானே ஆகவேண்டும்? வைகையின் மேல் ரயில் பாலம் இருக்கிறது. எனக்கு அது போதும்.

இந்த வாரம் விளக்கு. மேசைக்கு மேலே தொங்கும் எல்.இ.டி. பட்டையில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். வாட் பார்க்கிறார்கள், விலை பார்க்கிறார்கள், நிறத்தைப் பார்ப்பதில்லை.

சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் ஆற்றில் இறங்கும்போது ஊர் முழுக்கக் கேட்பது ஒரே கேள்வி: என்ன பட்டு? பச்சை என்றால் அந்த வருஷம் விளைச்சலுக்குக் குறைவில்லை என்பார்கள். சிவப்பு என்றால் முகம் வாடிவிடும். நம் மேசையிலும் தங்கக் குதிரையில் ஓர் அழகர் வரப்போகிறார். அதனால் விளக்குக் கடைக்குப் போகும்போது பையில் ஒரு பச்சைத் துண்டுத் துணியும் ஒரு அரக்குச் சிவப்பும் இருக்கட்டும். கடை வாசல் வெயிலில் ஒருமுறை, விளக்கின் அடியில் ஒருமுறை பாருங்கள். மட்டமான பட்டையில் அரக்குச் சிவப்பு பழுப்பாகச் செத்துப்போகும். வெள்ளை எல்.இ.டி. பெரும்பாலும் நீல எல்.இ.டி.தான், மேலே மஞ்சள் பாஸ்பர் பூசி வெள்ளையாக்குகிறார்கள். இந்தக் கலவையில் ஆழ்ந்த சிவப்பு கஞ்சத்தனமாகவே வரும். நிறம் எவ்வளவு சரியாகத் தெரியும் என்பதற்கு அட்டையில் சி.ஆர்.ஐ. என்று ஓர் எண் இருக்கும். வீட்டு ஹாலுக்கு 80 போதும். மேசையில் நிறுத்தும் விளாச்சேரி பொம்மைகளின் சிவப்பு சிவப்பாகவே தெரிய வேண்டுமானால் 90க்குக் குறைவாக வாங்காதீர்கள்.

பகல் வெளிச்சத்துக்கு 4000 முதல் 5000 கெல்வின் சரி. விடிகாலை வேண்டுமென்றால் பக்கத்திலேயே 2700 பட்டை ஒன்று, அதற்குத் தனி டிம்மர். 12 வோல்ட் பட்டை நீளம் கூடினால் கடைசியில் மங்கும். 24 வோல்ட்டில் அந்தத் தொல்லை குறைவு. பட்டையை மேசைக்கு நடு உச்சியில் ஒட்டாமல், முன்விளிம்புக்குச் சற்று வெளியே தள்ளி மாட்டுங்கள். இல்லாவிட்டால் நம்மைப் பார்த்து நிற்கும் வீடுகளின் முகமெல்லாம் இருட்டடித்துக் கிடக்கும்.

வீட்டு ஜன்னல்களுக்கு இளமஞ்சள் விளக்கு போடச் சொல்லும் வெளிநாட்டுப் புத்தகங்கள். அது அவர்கள் ஊர். நம் தெருவில் ராத்திரி எட்டு மணிக்கு நடந்து பாருங்கள்: டீக்கடை, சலூன், திண்ணை வீடு, எங்கும் டியூப்லைட் வெள்ளைதான். ஆகவே ஜன்னலுக்கு 6500 தாராளமாகப் போடலாம். மஞ்சள் எங்கே வேண்டுமென்றால் பதினெட்டாம்படிக் கருப்பர் சன்னதியில். அங்கே எண்ணெய் விளக்கு, வார்ம் எல்.இ.டி. மேல் ஆரஞ்சு கண்ணாடிப் பெயின்ட் ஒரு சொட்டு வைத்தால் சரியாக வரும். தெருவிளக்கு நீங்கள் தேர்ந்த வருஷத்தைப் பொறுத்தது. சோடியம் காலமென்றால் ஆரஞ்சு, இன்றைய தெருவென்றால் வெள்ளை.

அளவிலும் கவனம் தேவை. நம் மாதிரி 87க்கு 1. சாதாரண 3 மி.மீ. எல்.இ.டி. அந்த உலகத்தில் 26 சென்டிமீட்டர். கம்பத்தில் பானையைக் கவிழ்த்தது போலிருக்கும். 1 மி.மீ. நீள 0402 சில்லு வாங்குங்கள். அதைச் சோல்டர் செய்யப் பொறுமை வேண்டும், நல்ல கண்ணும் வேண்டும். மண்டகப்படிப் பந்தலில் சீரியல் செட் மினுக்க ஆசை வரும். ஒரு பந்தலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மீட்டர் கேஜ் காலத்துக் கைகாட்டி வைப்பவர்களுக்கு ஒரு சேதி. பழைய கைகாட்டியில் பச்சைக்குப் பொருத்தியிருந்த கண்ணாடி பார்வைக்கு நீலம். உள்ளே எரிந்த மண்ணெண்ணெய்ச் சுடர் மஞ்சள், அதனால் வெளியே பச்சையாகத் தெரிந்தது. அசலைப் பார்த்து நீலம் பூசி, பின்னால் வெள்ளை எல்.இ.டி. வைத்தால் டிரைவருக்கு நீலச் சிக்னல்தான் கிடைக்கும். பேசாமல் பச்சை எல்.இ.டி.யே வையுங்கள்.

இனி ரெசிஸ்டர். 12 வோல்ட்டில் ஒரு வெள்ளை எல்.இ.டி.க்கு 1 கிலோ ஓம் போட்டால் ஏறக்குறைய 9 மில்லி ஆம்பியர்; டீக்கடை வெல்டிங் பட்டறை ஆகிவிடும். 4.7 கிலோ ஓம் போடுங்கள், 2 மில்லி ஆம்பியர் போதும். விளக்குக்கு ஒரு ரெசிஸ்டர் கட்டாயம். பத்து விளக்கைப் பக்கவாட்டில் கோத்து ஒரே ரெசிஸ்டரில் மிச்சம் பிடித்தால், ஒன்று பிரகாசிக்கும், பக்கத்தில் இருப்பது மங்கி அழும்.