மைக்ரோபிட்டில் கட்டை நிரலைச் சேமித்தலும் இயக்கலும்

மைக்ரோபிட் என்பது பள்ளி மாணவர்கள் நிரலாக்கம் கற்பதற்காக உருவாக்கப்பட்ட, உள்ளங்கைக்குள் அடங்கும் நுண்கட்டுப்படுத்திப் பலகையாகும். பிபிசி நிறுவனம் வேறு பல நிறுவனங்களுடன் சேர்ந்து இதனை உருவாக்கி, 2016ஆம் ஆண்டில் ஐக்கிய இராச்சியத்தின் ஏழாம் ஆண்டு மாணவர்களுக்கு இலவசமாக வழங்கியது. முகப்பில் 25 சிறு விளக்குகளும் ஏ, பி என்னும் இரு பொத்தான்களும் உள்ளன. மைக்ரோசாப்ட்டின் மேக்கோடு தளத்தில், குழந்தைகள் விளையாட்டுக் கட்டைகளை அடுக்குவதுபோல் வண்ணக் கட்டைகளைப் பொருத்தி இதற்கு நிரல் அமைக்கலாம்.

கட்டையிலிருந்து எண்ணுக்கு

பலகையிலுள்ள சில்லுக்குக் கட்டைகள் புரியா; எண்களாலான இயந்திர மொழியே புரியும். ஆகவே உலாவிக்குள் இயங்கும் தொகுப்பி, கட்டைகளை முதலில் டைப்ஸ்கிரிப்ட் நிரலாகவும் பின்னர் இயந்திர மொழியாகவும் மாற்றுகிறது. விளைவு ஒரு ஹெக்ஸ் கோப்பு. இதைச் சாதாரண உரைத் தொகுப்பானில் திறந்து பார்க்கலாம். ஒவ்வொரு வரியும் முக்காற்புள்ளியில் தொடங்கும். தொடர்ந்து பதினாறடிமான எண்கள் வரும். வரியின் முடிவில் பிழை கண்டறிவதற்கான சரிபார்ப்பு எண் இருக்கும்.

பலகைக்கு ஏற்றுதல்

யுஎஸ்பி கேபிளால் இணைத்ததும் பலகை, கணினியில் ஒரு பென் டிரைவ் போலத் தோன்றும். ஹெக்ஸ் கோப்பை அதில் நகலெடுத்தால் போதும். ஆனால் அது உண்மையான பென் டிரைவ் அன்று. பலகையின் பின்புறமுள்ள இரண்டாவது சில்லு ஒன்று கோப்பைப் பெற்று, முதன்மைச் சில்லின் பிளாஷ் நினைவகத்தில் எழுதுகிறது. அப்போது பின்புற விளக்கு சிமிட்டும். எழுதி முடிந்ததும் டிரைவ் மறைந்து மீண்டும் தோன்றும். திறந்து பார்த்தால் நகலெடுத்த கோப்பு அங்கே இருக்காது. புதிதாகப் பழகுவோர் பலர் இதைக் கண்டு, ஏறவில்லை என்றெண்ணித் திரும்பத் திரும்ப நகலெடுப்பர். கோப்பு காணாமற்போவதே சரியான நடத்தை. டிரைவே தோன்றாவிட்டால் முதலில் கேபிளை மாற்றிப் பார்க்க வேண்டும். கைபேசிக்கு மின்னேற்ற மட்டுமே பயன்படும் சில கேபிள்களில் தரவுக் கம்பிகள் இருப்பதில்லை.

இயக்கம்

ஏற்றியவுடன் நிரல் தானாகத் தொடங்கும். 'தொடக்கத்தில்' என்னும் பொருளுடைய கட்டைக்குள் உள்ளவை ஒருமுறையும், 'எப்போதும்' என்னும் பொருளுடைய கட்டைக்குள் உள்ளவை மீண்டும் மீண்டும் இயங்கும். கேபிளைப் பிடுங்கி இரண்டு சிறு பேட்டரிகளை இணைத்தாலும் அதே நிரல் ஓடும்; பிளாஷ் நினைவகத்துக்கு மின்சாரம் போனாலும் மறதி இல்லை. மாறாக, மாறிகளின் மதிப்புகள் ரேம் நினைவகத்தில் இருப்பதால், விளையாட்டில் சேர்த்த மதிப்பெண் மின்சாரம் நின்றதும் அழிந்துவிடும். முதற்பதிப்பில் ரேம் 16 கிலோபைட்டும், 2020இல் வந்த இரண்டாம் பதிப்பில் 128 கிலோபைட்டும் உள்ளன. ஒரு நேரத்தில் ஒரு நிரலே தங்கும். புதியதை ஏற்றினால் பழையது போய்விடும்.

ஸ்கிராட்ச் மென்பொருளிலும் மைக்ரோபிட்டை இணைக்கலாம் என்றாலும், அங்கு நிரல் கணினியிலேயே இயங்குகிறது. பலகை பொத்தான் அழுத்தத்தையும் அசைவையும் தெரிவிப்பதோடும், சொன்னபடி விளக்கெரிப்பதோடும் சரி. இணைப்பை அறுத்தால் வேலை நின்றுவிடும். இவ்விரு முறைகளையும் ஒன்றென்று கொள்வதால் வகுப்பறைகளில் குழப்பம் நேர்கிறது.

சேமிப்பு

பலகையில் ஏற்றுவது சேமிப்பு ஆகாது. மாணவர் பொருத்திய கட்டைகள் அந்தக் கணினியின் உலாவிக்குள் வைக்கப்படுகின்றன. பலர் பயன்படுத்தும் பள்ளிக் கணினியில் யாரேனும் உலாவித் தரவை அழித்தால் பல வார உழைப்பு போய்விடக்கூடும். பலகையில் நிரல் ஓடிக்கொண்டே இருந்தாலும், அதிலிருந்து கட்டைகளைத் திரும்பப் பெறும் வழக்கமான வழி இல்லை. குரோம், எட்ஜ் போன்ற உலாவிகள் பலகையுடன் நேரடியாக இணைந்து நிரலை ஏற்றும்போது கணினியில் ஹெக்ஸ் கோப்பே மிஞ்சாது என்பதையும் கவனிக்க வேண்டும். வசதியே இங்கு வினையாகிறது.

தீர்வு எளிது. மேக்கோடு உருவாக்கும் ஹெக்ஸ் கோப்பில் இயந்திர மொழியோடு மூல நிரலும் சேர்ந்தே பொதிந்திருக்கும். நிரலுக்குப் பெயரிட்டு, சேமிப்புப் பொத்தானை அழுத்தி, அக்கோப்பைத் தனிப் பென் டிரைவில் வைத்துக்கொண்டால், பின்னர் வேறு கணினியில் மேக்கோடு பக்கத்துக்குள் அதை இழுத்துவிட்டதும் பழைய கட்டைகள் அப்படியே விரியும்.